மஃரிபுக்குப் பிறகு அரை மணி நேரம்

சிக்காகோவில் ரோபக் ஸ்டேபிள்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி, வேலை முடிந்து வந்து கிட்டாரோடு தன் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1948இல் குடும்பமாகத் தேவாலயத்தில் பாடத் தொடங்கினார்கள். 1957இல் லிட்டில் ரொக் நகரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பாடசாலைக்குள் விடாமல் தடுத்தார்கள். அந்த அநியாயத்தை நினைத்து இக்குடும்பம் பிறகு பாடிய பாட்டு, மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிகவும் பிடித்தது.

அவர்கள் மார்க்கம் வேறு, நம் மார்க்கம் வேறு. ஆனால் களைத்து வந்த வாப்பா பிள்ளைகளோடு உட்கார்ந்ததால்தான் அந்தக் குரல் வந்தது. நம் வீடுகளில் வாப்பா கையில் ஒரு போன், பிள்ளை கையில் ஒரு போன். ஓதலை மதரஸாவுக்கும் பாடத்தை டியூஷனுக்கும் விட்டுவிட்டோம். அநியாயத்தைக் கண்டால் பேசும் பிள்ளையை அவை மட்டும் உருவாக்கித் தராது. ஆசிரியர்களான எங்களாலும் தனியே முடியாது. மஃரிபு தொழுத பின் அரை மணி நேரமாவது பிள்ளைகளோடு உட்காருவோம்.