உடைந்தால் உடையட்டுமே!



மலர்க் குழுவினர் வந்து "நீயும் ஏதாவது எழுதிக் குடுறா" என்று கேட்டபோது கவிதைதான் எழுத நினைத்தேன். ஆனால் மழை, நிலா, அம்மா, நட்பு என்று நாற்பது கவிதைகள் ஏற்கெனவே வந்து குவிந்துவிட்டதாம். "டெக்னிக்கலா ஒண்ணு குடு, பக்கம் காலியா இருக்கு" என்றார்கள். சரி, மனதில் ஒரு வருடமாகக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

நம் மெட்ராலஜி லேபில் கண்ணாடி பீரோ ஒன்று இருக்கிறதே, அதில் இரண்டாவது தட்டில் ஒரு 3டி டேஸ்டர் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். தொட்டிருக்க மாட்டீர்கள்! ரெக்கார்டு நோட்டில் அதன் படத்தை நாம் எல்லோரும் அழகாக ஷேடிங் போட்டு வரைந்து மார்க் வாங்கியாயிற்று. அதை மில்லிங் மெஷினில் மாட்டி ஒரு ஜாப்பின் விளிம்பை எடுத்தவர் நம் வகுப்பில் எத்தனை பேர்? என் கணக்குப்படி ஒருவர்கூட இல்லை. காரணம் கேட்டால் "டிப் உடைஞ்சா யார் பணம் கட்டுறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தச் சின்னச் செராமிக் டிப் வாங்க ஆயிரக்கணக்கில் ஆகும்.

ஆனால் நண்பர்களே, அந்த டிப் எதற்காக இருக்கிறது தெரியுமா? உடைவதற்காகவே இருக்கிறது! இடித்தால் முதலில் அது போய்விட வேண்டும். உள்ளே இருக்கும் மெக்கானிசம் தப்பிக்க வேண்டும். வீட்டில் ஃபியூஸ் போவது மாதிரி. ஃபியூஸ் போய்விடுமே என்று பயந்து யாராவது லைட் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோமா?

இந்த ஞானம் எனக்குப் புத்தகத்தில் வரவில்லை. என் சித்தப்பாவுக்கு கோவை ஆவாரம்பாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்ட ஒரு சிறு பட்டறை இருக்கிறது. ஒரு லேத், டி.ஆர்.ஓ. மாட்டிய ஒரு பழைய மில்லிங் மெஷின், ஒரு பெஞ்ச் டிரில்லிங். அவ்வளவுதான். லீவில் நான் அங்கேதான் கிடப்பேன். போன வருடம் அவர் ஒரு செகண்ட் ஹேண்ட் டேஸ்டர் வாங்கியிருந்தார். நுனியில் உள்ள குண்டு ஜாப்பில் பட்டதும் முள் நகரும். முள் பூஜ்ஜியத்தில் நின்றால் ஸ்பிண்டிலின் மையம் ஜாப் விளிம்புக்கு நேர் மேலே நிற்கிறது என்று அர்த்தம். அரை நிமிட வேலை. எனக்கு ஆசை தாங்கவில்லை. பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகு ஹேண்டிலைப் பின்னால் சுற்றுவதற்குப் பதில் முன்னால் சுற்றிவிட்டேன்.

'டக்' என்று ஒரு சத்தம். என் உயிரே போய்விட்டது.

சித்தப்பா வந்து பார்த்தார். "டிப்புதான கண்ணு உடைஞ்சுது? டேஸ்டர் தப்பிச்சுதில்ல, உடு" என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "நானே செஞ்சு தர்றனுங் சித்தப்பா" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் பித்தளையில் செய்தேன். லேத்தில் அடிப்பக்கத் திருகு கடைந்து, இடித்தால் உடையட்டும் என்று கழுத்தை 1.5 மி.மீ.க்கு ஒல்லியாக்கி, நுனியில் 4 மி.மீ. ஸ்டீல் பால் ஒட்டினேன். பார்க்க ஒரிஜினலைவிட ஜோராக இருந்தது! இரண்டு வாரம் ஓடியது. பிறகு ஒருநாள் யாரோ லேசாக இடித்திருக்கிறோம் (நானாகவும் இருக்கலாம்). உடையவில்லை. அதனால் யாரும் கவனிக்கவும் இல்லை. பித்தளை உடையுமா? வளையும்! கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்துபோய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு ஓட்டிய 11 பிளேட்டிலும் துளைகள் எல்லாம் ஒரே பக்கமாக 0.3 மி.மீ. தள்ளிப் போயின. ஆர்டர் கொடுத்தவர்களின் இன்ஸ்பெக்‌ஷனில்தான் தெரிந்தது. பதினொன்றும் ஸ்கிராப். மெட்டீரியல் காசும் சித்தப்பாவின் கணக்கில்தான். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்றைக்குத்தான் புரிந்தது. உடைகிற டிப் 'நான் போயிட்டேன்' என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போகிறது. வளைகிற டிப் பொய்க் கணக்கு எழுதுகிறது. நாம் செய்ய வேண்டியது மலிவான டிப் மட்டுமல்ல. வளையத் தெரியாத டிப்.

அப்படியானால் பிளாஸ்டிக்? என் தம்பி கேட்டான், அக்ரிலிக் கம்பி 'பட்'டென்று உடையுமே என்று. உடையும்தான். ஆனால் நம் எஸ்.ஓ.எம். பாடத்தில் கேன்டிலீவர் கணக்கு போடுகிறோமே, பரீட்சையோடு மறந்துவிடும் அதே சூத்திரத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 3 மி.மீ. விட்டம், 25 மி.மீ. நீளம், நுனியில் 100 கிராம் பலம். அக்ரிலிக் ஏறக்குறைய 0.4 மி.மீ. வளைகிறது! பித்தளை 13 மைக்ரான். ஸ்டீல் 6 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல். அலுமினா செராமிக் 5 மைக்ரானுக்குள். தொடும்போது விறைப்பாக நிற்க வேண்டும், இடித்தால் மிச்சமில்லாமல் உடைய வேண்டும். கம்பெனிக்காரர்கள் செராமிக்கைத் தேர்ந்தெடுத்தது அழகுக்காக இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

செராமிக் கம்பிக்கு எங்கே போவது? தெர்மோகப்பிள் கடைக்குத்தான்! ஃபர்னஸில் தெர்மோகப்பிள் வயரின் மேல் போடும் வெள்ளை அலுமினா குழாய் இருக்கிறதல்லவா, ஒற்றைத் துளை உள்ளது, வெளி விட்டம் 3 மி.மீ. அதில் ஒரு துண்டு வாங்கினால் பத்துப் பன்னிரண்டு டிப் வரும். இதில் ஒரு வேடிக்கை. விலை உயர்ந்த ப்ரோப்களின் நுனியில் இருக்கும் ரூபி குண்டும் ரசாயனப்படி அலுமினியம் ஆக்ஸைடுதான். நம் வெள்ளைக் குழாயும் அதே ஜாதிதான்.

முதலாமாண்டு கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடிக் குழாயை முக்கோண அரத்தால் கீறி உடைத்தது ஞாபகம் இருக்கிறதா? அதே வித்தைதான் இங்கே இரண்டு இடத்தில். நீளத்துக்கு வெட்டுவதற்கு டைமண்ட் அரத்தால் சுற்றிக் கீறி உடைக்க வேண்டும். பிறகு பித்தளை அடிப்பாகத்தில் செருகி ஒட்டிய பின், அடியிலிருந்து இரண்டு மி.மீ. மேலே லேத்தில் மெதுவாகச் சுற்றவிட்டு மெல்லிசாக ஒரு வளையக் கீறல். இடித்தால் அங்கேதான் உடையும், வேறெங்கும் உடையாது. கீறலை ரொம்ப ஆழமாகப் போட்டுவிடாதீர்கள். விட்டம் பாதியானால் வளைவுக்குத் தாங்கும் பலம் எட்டில் ஒன்றாகிவிடும். முதல் மூன்று டிப்பை இப்படித்தான் கையில் எடுக்கும்போதே உடைத்தேன். செராமிக்கைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேயுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நல்லதல்ல.

நுனியில் குண்டு வைப்பது சுலபம். குழாயின் துளை வாயிலேயே குண்டு தானாக மையம் பிடித்து உட்காரும். பால் பேரிங் கடையில் 4 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். சைக்கிள் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் 5/32 அங்குல குண்டு பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் 3.969 மி.மீ. ஆரத்தில் 15 மைக்ரான் காணாமல் போகும். குண்டைத் தின்னரில் கழுவி, மெதுவாகக் காயும் அரால்டைட்டில் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். ஃபெவிக்விக் அவசரம் இங்கே வேண்டாம்.

மிக முக்கியமானது நீளம். டேஸ்டரின் உள்ளே இருப்பது லீவர் மாதிரியான அமைப்பு. டிப் நீண்டாலோ குறைந்தாலோ முள் காட்டும் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாக இருக்காது. அதனால் ஒரிஜினல் டிப் முழுதாக இருக்கும்போதே ஹைட் கேஜில் அளந்து சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். (நான் உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தேன். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.) மாட்டிய பிறகு குண்டின் மேல் டயல் இண்டிகேட்டரை வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, ஓட்டத்தை எடுத்துவிட வேண்டும். அதற்கென்றே டேஸ்டரில் அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருக்கிறது. புது டிப் போடும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யத்தான் வேண்டும், ஒரிஜினலாக இருந்தாலும்.

கடைசியில் ஒரு டிப்புக்கு ஆன செலவு ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை. சர்டிபிகேட்டோடு அனுப்பும் ஜாப்பை அளக்க இதைப் போடலாமா என்றால், கூடாது. அதற்கு ஒரிஜினல் வாங்கத்தான் வேண்டும். ஆனால் கற்றுக்கொள்கிறவன் கைக்கு இது போதும், போதும்!

தொட்டால் சைகை கொடுக்கும் ப்ரோப்பை 1972-ல் டேவிட் மெக்மர்ட்ரி கண்டுபிடித்தது எப்படித் தெரியுமா? ரோல்ஸ் ராய்ஸில் கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கு மெல்லிய குழாய்களை அளக்க வேண்டியிருந்தது. விறைப்பான ப்ரோப் பட்டால் குழாய் தள்ளிப்போகும், அளவு தப்பும். அதனால் லேசாகப் பட்டதும் விட்டுக்கொடுத்து, பிறகு அதே இடத்துக்கே திரும்பும் ஒன்றைச் செய்தார். அடுத்த வருடம் ஜான் டீருடன் சேர்ந்து ரெனிஷா கம்பெனியை ஆரம்பித்தார். அவர் கையில் ஒரு பிரச்சினையும் அதைத் தொட்டுப் பார்க்க ஒரு மெஷினும் இருந்தன. நம் கையில் பூட்டிய பீரோவின் படம் இருக்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான். இரண்டாமாண்டு லேத் பிராக்டிகலில் ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங் என்று ஆளுக்கொரு உருளையைக் கடைந்து, மார்க் போட்டதும் ஸ்கிராப் பெட்டியில் போடுகிறோமே, அதில் ஒரு ஜாப்பை மட்டும் டிப்பின் பித்தளை அடிப்பாகமாக மாற்றட்டும். ஒரு வகுப்புக்கு அறுபது டிப்! அப்புறம் பீரோவைத் திறக்கட்டும். நாம் ஆளுக்கொன்றை உடைத்தாலும் யாரும் காஷன் டெபாசிட்டில் கை வைக்க வேண்டியதில்லை. ஸ்டாஃப் நம்மை நம்பவில்லை என்று நான் குறை சொல்லவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவருக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தின் விலையைக் குறைக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

நம் லேப் டேஸ்டரின் டிப் நீளத்தை, கண்ணாடிக்கு வெளியே நின்று ஸ்கேல் பிடித்து அளக்க முடியவில்லை. ஒரே ஒருநாள் பீரோவைத் திறந்து அளக்க அனுமதி கேட்டு எச்.ஓ.டி. சாருக்கு மனு எழுதியிருக்கிறேன். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மனு என் பையில்தான் இருக்கிறது. இந்த மலர் கைக்கு வந்ததும் கேன்டீன் பக்கம் வாருங்கள்.