5.3 எங்கே போனது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலையோ வார்ப்படப் பட்டறையோ, எதற்குள் போனாலும் வேலை நடைமுறைக் கோப்பு ஒன்று இருக்கும். எஸ்.ஓ.பி. என்பார்கள். அதில் தலைப்புகளுக்கு எண் போடுவது அழகுக்காக அல்ல. இரவு ஷிஃப்டில் சூப்பர்வைசர் போனில் "4.2 பாருங்க" என்கிறார். மறுமுனையில் இருப்பவர் ஒடிசாக்காரராக இருக்கலாம். தமிழ்ப் பிரதியிலும் ஒடியாப் பிரதியிலும் பக்கம் வேறுபடும், 4.2 வேறுபடாது.

ரசாயன டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தரவுத்தாளைப் பாருங்கள். ஐ.நா.வின் ரசாயன வகைப்பாட்டு முறையான ஜி.எச்.எஸ்.படி அதில் 16 பகுதிகள். 4 முதலுதவி, 5 தீயணைப்பு, 6 கசிவு. எந்த அமிலம் கண்ணில் தெறித்தாலும் 4-ஐத் திறந்தால் போதும்.

எண் போடுவதில் பெரிய சிக்கல் இல்லை; திருத்தும்போதுதான் சிக்கல். ஒரு நடைமுறையில் 5.2 'மெஷினை நிறுத்து', 5.3 'மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டு' என்று வைத்துக்கொள்வோம். சுவரில் 'மூடியைக் கழற்றுமுன் 5.3 முடிந்திருக்க வேண்டும்' என்று பலகை. யாரோ நல்லெண்ணத்தில் 5.1-க்கு அடுத்து ஒரு படியைச் சேர்க்கிறார். கணினி மற்றதையெல்லாம் தானாகத் தள்ளிவிடுகிறது. இப்போது 5.3 என்பது மெஷினை நிறுத்துவது மட்டும், பூட்டுவது 5.4. கோப்புக்குள் இருக்கும் குறிப்புகளைக் கணினி திருத்திவிடலாம். சுவர்ப் பலகையையும் தொழிலாளியின் நினைவையும் அது திருத்தாது. பலகையை நம்பியவர் மின்சாரம் பூட்டப்படாத மெஷினில் கை வைக்கிறார்.

சட்டம் எழுதுபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். போபால் விபத்துக்குப் பின், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆபத்தான ஆலைகளுக்கான பிரிவுகளை 1987இல் சேர்த்தபோது 41ஏ முதல் 41எச் வரை என்றே எண்ணிட்டார்கள். கைகழுவும் வசதி பற்றிய 42, 42ஆகவே இருந்தது.

தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை வேறு வழியில் போனது. 2008 பதிப்பில் 7.5 உற்பத்தி, 2015 பதிப்பில் அதே 7.5 ஆவணங்கள், உற்பத்தி 8.5-க்குப் போய்விட்டது. அதைப் பார்த்துத் தங்கள் கோப்புகளின் எண்களையும் மாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை, அந்தத் தரநிலையின் பின்னிணைப்பே அப்படிக் கட்டாயமில்லை என்கிறது.

என்னைக் கேட்டால், புதுப் படிக்கு 5.1ஏ என்று கொடுங்கள். நீக்கிய பிரிவின் எண்ணை வேறெதற்கும் கொடுக்காமல் 'நீக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்று நிலைக்கு மேல் பிரிக்க வேண்டாம், 5.3.2.1.4 என்பதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. எண்களை மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய எண்ணும் புதிய எண்ணும் அருகருகே உள்ள அட்டவணையை முதல் பக்கத்தில் ஒட்டி, சுவர்ப் பலகைகளையும் அதே ஷிஃப்டில் மாற்றுங்கள்.