வாடகைச் சங்கிலி வாளும் குடியானவர் கடமையும்

திருத்தணி வட்டாரத்தில் மரமறுப்பது ஒரு காலத்தில் இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் வாளின் வேலையாக இருந்தது. இப்பொழுது பெட்ரோலால் ஓடும் சங்கிலி வாள் அவ்வேலையை ஒரே ஆளின் கையில் சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறது. முதிர்ந்த மாந்தோப்பைக் கவாத்துச் செய்யவும், தரிசில் மண்டிய சீமைக் கருவேலை அகற்றவும், காற்றில் சாய்ந்த புளியையும் வேம்பையும் துண்டாக்கவும் குடியானவர்கள் இதனையே நாடுகின்றனர். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தபின், விழுந்த மரங்களை அறுத்து வழிகளைத் திறந்ததில் இவ்வியந்திரத்தின் பங்கு பெரிது. இதன் பிரயோஜனத்தில் எவருக்கும் ஐயமில்லை.

எனினும், சிறு குடியானவர் பலர் இக்கருவியைச் சொந்தமாக வாங்குவதில்லை. வாளையும் ஆளையும் சேர்த்தே வாடகைக்கு அமர்த்துகின்றனர். அப்போது அவர்கள் கேட்பது கூலி எவ்வளவு என்ற ஒன்றுதான். மாடு பிடிக்கும்போது பல்லைப் பார்ப்பவர், விதை நெல்லைக் கடித்துப் பார்த்து வாங்குபவர், சங்கிலி வாள் தம் தோப்புக்குள் நுழையும்போது மட்டும் ஒன்றும் பாராமல் விட்டுவிடுவது முறையன்று. இஞ்சினைச் சரிசெய்வது மெக்கானிக்கின் காரியம், ஜாக்கிரதை அறுப்பவரின் காரியம் என்று இரண்டையும் பிரித்தெண்ணுவதே அபாயத்துக்கு மூலம். உண்மையில் இரண்டும் ஒன்றே. விசையை விட்டால் சங்கிலி நிற்க வேண்டும். நில்லாத வாளைத் தோப்புக்குள் அனுமதிக்கலாகாது.

இதன் காரணத்தை அறிவது எளிது. இஞ்சின் சும்மா ஓடும்போது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்றுச் சுற்றும். அவ்வேகத்தில் கிளட்ச் பிடிக்காது, சங்கிலி அசையாது. வேகம் மிகுந்தால் கிளட்ச் தானே விரிந்து பிடித்துச் சங்கிலியை ஓட்டும். இஞ்சின் அடிக்கடி நின்றுபோகிறது என்று ஐடில் திருகை ஏற்றிவிட்டால், விசையைத் தொடாமலே சங்கிலி ஊர்ந்துகொண்டிருக்கும். அவ்வாளைக் கையில் பிடித்துக் கிளைகளைத் தாண்டி நடப்பவருக்குக் கால் இடறினால் தொடை தப்பாது. இஞ்சின் நின்றுபோவதற்கு மெய்யான காரணம் பெரும்பாலும் தூசி அடைந்த காற்று வடிகட்டியும் கரியேறிய பிளக்குமே. ஆகையால் முதலில் வடிகட்டியைத் துப்புரவு செய்து, பிளக்கின் இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குச் சரிப்படுத்த வேண்டும். பிறகு இஞ்சினைச் சூடாக்கி, 'எல்' திருகினால் ஓட்டத்தைச் சீராக்கி, ஐடில் திருகைச் சங்கிலி முற்றும் நிற்கும்வரை இறக்க வேண்டும்.

'எச்' திருகைப் பற்றித் தனியே எச்சரிப்பது அவசியம். அதனை உள்ளே முறுக்கினால் பெட்ரோல் குறைந்து இஞ்சின் கூர்மையாகக் கீச்சிடும். அதனைப் பலமென்று மகிழ்பவர் அநேகர். இவ்வகை இஞ்சினுக்கு மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அன்றியும், 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் கலவையை மேலும் வறட்சியாக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். முன்பு சரியாயிருந்த திருகு இன்று சரியாயிராது. ஆகவே இவ்வியந்திரம் எவ்வளவு எத்தனாலை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்து, வேகமானி உள்ள மெக்கானிக்கிடமே 'எச்' திருகை ஒப்படைப்பது நலம். எண்ணெயை உற்பத்தியாளர் சொன்ன அளவில் கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் என்பது பல இயந்திரங்களுக்குரிய அளவு. கலந்ததை மாதக்கணக்கில் வைத்திருக்கலாகாது.

இனி, வேலை தொடங்குமுன் நிலத்துக்குடையவர் தம் கண்ணாலேயே பார்க்கக் கூடிய சோதனைகள் உள. வாளைத் தரையில் வைத்துப் பின்கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு இஞ்சினைக் கிளப்ப வேண்டும். கையில் தொங்கவிட்டு இழுப்பவரை அப்பொழுதே தடுக்க வேண்டும். மேற்பூட்டை அழுத்தாமல் விசை அசையக் கூடாது. முன்கைக் காப்பை முன்னே தள்ளினால் சங்கிலி பூட்டிக்கொள்ள வேண்டும்; விசையை இரண்டொரு விநாடி அழுத்தினாலும் அது ஓடலாகாது. நிறுத்தும் பொத்தானைத் தொட்டதும் இஞ்சின் அணைய வேண்டும். 'பார்' எனப்படும் தகட்டின் நுனியை ஒரு வெளிறிய பலகைக்கு நேரே பிடித்து ஓட்டினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். அறுந்த சங்கிலியைத் தடுக்கும் கொக்கி உடையாமல் இருக்க வேண்டும். இவையனைத்துக்கும் ஐந்து நிமிஷம் போதும்.

சங்கிலிப் பல்லின் கூர்மையும் பாதுகாப்பே. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்பவர் மரந்துளைக்கும் புழுவின் தாடைகளைக் கவனித்து அமைத்த பல்லே 1947 முதல் பரவி, இன்றைய சங்கிலிக்கு மூலமாயிற்று. கூரிய பல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவாகப் பொடிக்கும். மாவு விழுந்தால் ஆள் வாளை அழுத்தத் தொடங்குவார். அழுத்தும் கை தவறினால் தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டு, வாள் முகத்தை நோக்கி எகிறும். அப்பின்னுதைப்பு மனிதன் சுதாரிப்பதற்குமுன் முடிந்துவிடும். சாலையோர மரங்களில் விளம்பரப் பலகைக்கு அறைந்த ஆணிகளும், வரப்பு மரங்களில் புதைந்த வேலிக்கம்பிகளும் பல்லை உடைக்குமாதலால், அவற்றை முன்னரே தேடி அடையாளமிட வேண்டும்.

திருத்தணிக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. சித்தூர் ஜில்லாவிலிருந்து இவ்வூர் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி சென்னை மாகாணத்துடன் சேர்ந்தது. எல்லை மாறினும் வேலையாட்கள் இருபுறமும் வந்து போகின்றனர். ஒரே குழுவில் தமிழும் தெலுங்கும் பேசுவோர் கலந்திருப்பர். நூறு டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் எம்மொழியும் காதில் விழாது. எனவே நில், விலகு, மரம் சாய்கிறது என்பவற்றுக்குக் கைச்சைகைகளை முன்னதாகவே முடிவு செய்துகொள்ள வேண்டும். அறுப்பவர் தவிர மற்றவர் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்தில் நிற்க வேண்டும்.

இவ்வெயிலில் தடித்த கால்சட்டையும் தலைக்கவசமும் யார் அணிவார் என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. அதற்குப் பரிகாரம் கவசத்தைக் கழற்றுவதன்று. விடியலில் தொடங்கி வெயிலேறுமுன் நிறுத்துவதாகும். டன் கணக்கில் கூலி பேசுவதும் அவசரத்தைத் தூண்டுகிறது. சாய்ந்து முறுக்கேறிய மரம், மின்கம்பியருகே நிற்கும் மரம் ஆகியவற்றுக்காவது நாட்கூலி பேசுவதே தகும்.

வாடகை பேசும்போதே மூன்று நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: கவசங்கள் வாளோடு வரவேண்டும், சோதனை நிலத்துக்குடையவர் முன்னிலையில் நடக்க வேண்டும், தவறிய வாள் திரும்பிப் போகவேண்டும். பத்துப் பேர் இவ்வாறு திருப்பியனுப்பினால், வாடகைக்கு விடுவோர் தாமே இயந்திரத்தைச் செப்பனிடுவர். அறுப்பவர் பிறர் வீட்டுப் பிள்ளையேயாயினும், அவர் நிற்பது குடியானவரின் நிலத்திலாகும். அவர் மாலையில் இரு கால்களோடும் வீடு திரும்புவதைப் பார்த்துக்கொள்வது, விளைச்சலைப் பார்த்துக்கொள்வதைப் போலவே நிலத்துக்குடையவரின் பொறுப்பாகும்.