எந்தப் பரிசோதனை என்று யார் சொல்வது?

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இருக்கும்போது மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது வெறும் சடங்கு என்கிறார் நண்பர். சரி, எந்தப் பரிசோதனையை எழுதுவது என்று யார் முடிவு செய்வது?

சோர்வு, எடைக் குறைவு என்று வருபவரின் ஈறுகளிலும் உள்ளங்கை ரேகைகளிலும் புதிதாகக் கருமை படர்ந்திருந்தால் அடிசன் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதைப் பார்க்காத மருத்துவருக்குக் கார்ட்டிசால் ஹார்மோனின் அளவைச் சோதிக்கத் தோன்றாது. தட்டம்மையில், உடலில் தடிப்பு வரும் முன்பே கன்னத்தின் உட்புறம் உப்புத்தூள் போன்ற வெண்புள்ளிகள் தெரியும். 1896இல் மருத்துவர் காப்ளிக் விவரித்தவை அவை. தொழுநோய்க்கோ, உணர்விழந்த தேமலே முதன்மைச் சான்று.

கண்ணால் பார்த்தே எல்லாவற்றையும் உறுதிசெய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வகம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் தரும். கேள்வியை எழுப்பும் பார்வையைச் சடங்கென்று தள்ளுவது சிக்கனமல்ல, அலட்சியம்.