பூச்சும் பாராட்டும்

லாரி பேக்கரை (1917–2007) விரோதிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டிய அவசியம் இன்று இல்லை. ரசிகர்களிடமிருந்துதான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. 'இயற்கையோடு இயைந்த வீடு' என்று மந்திரம்போல உச்சரித்துவிட்டு, குன்றை வெட்டிச் சமப்படுத்தி, சிமெண்ட் சுவர் எழுப்பி, அதன்மேல் செங்கல் நிறச் சில்லுகளை ஒட்டி, ஜன்னலை அடைத்து ஏ.ஸி. பொருத்திக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் பேக்கர் பாணியாம்.

பர்மிங்ஹாமில் பிறந்த அந்த மனிதர் 1940களில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தார். ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதாகப் பிற்பாடு பலமுறை நினைவுகூர்ந்தார். பிறகு பிதோராகட் மலைப்பகுதியில் ஏறத்தாழ 16 வருஷ வாசம். பெயர் தெரியாத கொத்தர்கள் சரிவையும் குளிரையும் கல்லையும் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அங்கே கற்றார். பாணி எதையும் அவர் அங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை.

திருவனந்தபுரத்தில், உள்ளூரில், 1970களில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தைப் போய்ப் பார்க்கட்டும். ஜன்னல் சட்டத்துக்கும் கம்பிக்கும் ஆகும் செலவுக்குப் பதில் செங்கற்களிடையே துளைகள். காற்றும் வெளிச்சமும் அதிலேயே வருகின்றன. அவர் பரப்பிய 'ராட் டிராப்' கட்டில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுகிறார்கள். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கிறது. கூரைத் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட்டுக்கு அங்கே அதிக வேலையில்லை. ஆகவே அந்த இடத்தில் பழைய ஓடுகளைப் பதித்தார். வேலை செய்யாத எதற்கும் இடமில்லை என்ற இந்தக் கறாரின் விளைவுதான் நாம் அழகு என்று வியப்பது.

கொத்தர் கூலி ஏறிவிட்டது, கைவேலையை நம்பிய இந்த முறை இனிக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். யோசிக்க வேண்டிய ஆட்சேபம்தான். அப்படியானால் புதிதாகக் கணக்குப் போடுங்கள். பழைய கணக்கின் விடையை மட்டும் நகல் எடுத்துச் சுவரில் ஒட்டாதீர்கள்.

நமக்கு இது அந்நிய சமாச்சாரமல்ல. புதுக்கவிதைக்கு நேர்ந்ததும் இதுவே. யாப்பைக் களைந்தவர்களுக்கு ஒரு நிர்ப்பந்தம் இருந்தது. பின்னால் வந்து வரியை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் அது என்னவென்று கேட்கவே இல்லை. பூசாத சுவரில் கல் கோணினால் ஊருக்கே தெரியும். அந்தத் துணிச்சல் இல்லாதவர்களுக்குப் பூச்சே உத்தமம். செங்கல் நிறத்தில் மட்டும் வேண்டாம்.