ஓட இடமில்லை என்றால் தாண்டுவோம்

"விளையாட எங்கே இடம்?" ஒருகொடவத்தையில் வளரும் பெண் பிள்ளைகளுக்கு மனப்பாடமான கேள்வி இது. கேள்வியில் பொய்யில்லை. பேஸ்லைன் வீதியில் கொள்கலன் லொறிகள். உள்ளே திரும்பினால் முடுக்குகள். அவற்றில் முச்சக்கரவண்டிகளும் உலரும் துணிகளும். இரண்டு பேர்ச் காணியில் மூன்று தட்டு வீடு, இல்லாவிட்டால் தொடர்மாடியில் சின்னஞ்சிறு வீட்டுக்குள் ஆறு பேர். மிஞ்சியிருக்கும் கொஞ்ச வெளியும் அஸருக்குப் பின் தம்பிமாரின் கிரிக்கெட்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

ஆனாலும் இடமில்லாதது ஓடுவதற்குத்தான் என்பது என் கருத்து. தாண்டுவதற்கும் தவழ்வதற்கும் ஒற்றைப் பலகையில் தடுமாறாமல் நடப்பதற்கும் வீட்டு நடைபாதையே போதும். ஓட்டத்துக்கு நீளம் வேண்டும். தடை தாண்டலில் வேலை நீளத்தில் இல்லை, உடலைத் தூக்கி இறக்குவதில் இருக்கிறது. பன்னிரண்டு அடி நடையில் ஐந்து தடைகளை வைத்துப் பத்து முறை போய் வந்தால் நூறு தாண்டல் ஆகிவிடும். நம்பிக்கை இல்லாதவர்கள் முப்பதாவது தாண்டலில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பப் பிரிவு விளையாட்டுப் போட்டிகளில் தடை ஓட்டம் இருப்பது நம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். டயருக்குள் நுழைந்து, கயிற்றுக்குக் கீழே தவழ்ந்து, வாங்கில் நடந்து நாம் முடிவுக் கோட்டைத் தொட்டபோது உம்மாமார் எழுந்து நின்று கைதட்டினார்கள். தரம் ஆறுக்குப் பிறகு அது எங்கே போனது? அந்த வயதில் அழகாக இருந்த குதிப்பு, பதின்மூன்று வயதில் ஏன் "பொம்பளப் புள்ளை குதிக்கிறதா?" என்று மாறுகிறது? எலும்புக்கு அந்தக் கணக்குத் தெரியாது. 5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் நன்றாக உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் 3 நாட்களாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குதிப்பது அந்த இரண்டாவது வகை. 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையான பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் அளவில் இந்த 60 நிமிடத்தை எட்டுவதில்லை. ஆண் பிள்ளைகளில் 78 பேர். ஆகவே தம்பிமாரும் பெரிதாகப் பெருமைப்பட வேண்டியதில்லை.

தடை தாண்டல் நமக்கு அந்நியமான விளையாட்டும் அல்ல. இந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதில்தான் வந்தது: 1948, லண்டன், 400 மீற்றர் தடை தாண்டல், டங்கன் வைட், வெள்ளி. பெண்களுக்கான 400 மீற்றர் தடை தாண்டல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது 1984இல், லொஸ் ஏஞ்சல்ஸில். அதை 54.61 செக்கனில் வென்றவர் மொரோக்கோ நாட்டின் நவால் எல் முத்தவக்கில். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆபிரிக்க முஸ்லிம் பெண் அவர். அதே ஓட்டத்தில் கேரளத்தின் பி.டி. உஷா ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கால் வெண்கலத்தைத் தவறவிட்டார். உஷாவின் பயிற்சி மைதானம் எது தெரியுமா? பையோளிக் கடற்கரை மணல். இருந்ததை வைத்துப் பழகினார்.

நம்மிடம் இருப்பது கடற்கரை அல்ல, வெறும் போத்தல்கள்தான். அதற்கும் வழி உண்டு.

ஹார்ட்வெயார் கடையில் அரை அங்குல பீவீசி குழாய் 4 மீற்றர் நீளத்தில் கிடைக்கும். ஒன்றை வாங்கி 80 சென்ரிமீற்றராக வெட்டினால் ஐந்து குறுக்குக் கம்புகள். ஒன்றரை லீற்றர் வெற்றுப் போத்தல்கள் பத்தில் மணலை நிரப்புங்கள், அவை தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு யோகட் கப்பை வாய் மேலே பார்க்க நாடாவால் ஒட்டி, விளிம்பின் இரு பக்கமும் ஆங்கில 'வீ' எழுத்தைப் போல் வெட்டுங்கள். குழாய் அந்த வெட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும். தடையின் உயரம் ஏறக்குறைய 37 சென்ரிமீற்றர் வரும். நவால் தாண்டியது 76.2. அதாவது நமக்குப் பாதி. இரண்டரை அடிக்கு ஒன்றாக வைத்து, பாயாமல், முழங்காலை உயர்த்தி விரைவாகக் கடக்கப் பழகுவதே முதல் கட்டம்.

குழாயைக் கட்டவோ பசையால் ஒட்டவோ கூடாது. இதுதான் முக்கியம். கால் பட்டால் கம்பு விழ வேண்டும். விழாவிட்டால் நாம் விழுவோம். போட்டித் தடைகளும் முட்டினால் சாயும்படிதான் செய்யப்படுகின்றன. தண்ணீருக்குப் பதில் மணல் என்றதும் காரணத்தோடுதான். தண்ணீர்ப் போத்தல் கசியும், ஈரத் தரை வழுக்கும். காலுறையோடு டைல்ஸ் மேல் ஏறுவதும் வேண்டாம்.

மற்றவற்றுக்குச் செலவே இல்லை. சீமெந்துத் தரையில் சோக்கால் ஒன்றரை அடிக் கட்டங்கள் பத்து வரைந்தால் அது கால் வேகத்துக்கான ஏணி. இரண்டு கதிரைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் கயிறு கட்டினால் தவழும் இடம். கொள்கலன் சரக்கோடு வந்து கழிக்கப்படும் மரத்தட்டுகளின் பலகை ஒன்றை, ஆணி பிடுங்கித் தேய்த்து, தரையிலேயே கிடத்தினால் சமநிலைப் பலகை. அதை உயர்த்தி வைக்க வேண்டிய அவசியமில்லை. டயரைப் பற்றி மட்டும் எனக்குப் பயம். நம் பக்கத்தில் டயர் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் மழை பெய்தால் அதற்குள் டெங்கு நுளம்பு குடியேறும், அதைத் தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார். அடியில் துளைகள் இட்டு, கூரைக்குக் கீழே வைக்க முடியுமென்றால் மட்டும் டயர். மாடி வீட்டார் கயிற்றுப் பாயோ பழைய கம்பளமோ விரித்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டு மாமிக்கும் தலை இருக்கிறது.

படிப்புக் கெடும் என்பவர்களுக்கு: உயர்தர மாணவி ஒருத்தி மாலை வகுப்பு முடிந்து வந்து மறுபடியும் கதிரையில்தான் உட்காருகிறாள். இருபது நிமிடம் எழுந்து தாண்டுவதால் இரசாயனவியல் ஓடிப்போகாது. வெட்கம் என்பவர்களுக்கு: இது வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு செய்வது. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். முதல் முறை வென்றவர் யார் என்பதையும் படித்திருக்கிறோம்.

வேறொரு மறுப்பை நான் மதிக்கிறேன். வீட்டுக்குள் போத்தலைத் தாண்டப் பழகிவிட்டால், பெண்களுக்கென்று ஒரு திடல் கேட்கும் குரல் அடங்கிவிடாதா என்று என் தோழி கேட்டாள். அடங்கக் கூடாது. மாநகர சபையிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் பதில் தருவதற்குள் நான் உயர்தரம் முடித்திருப்பேன், என் தங்கையும் முடித்திருப்பாள். எலும்பு வலுப்பெறும் வயது அதுவரை காத்திருக்காது.

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டியில் மேல்பிரிவுக்கும் தடை ஓட்டம் வேண்டும், மாணவிகளே வீட்டில் செய்த தடைகளோடு. மண்டபத்துக்குள் வைத்தாலும் சரி. தாய்மாருக்கும் ஒரு சுற்று விட்டால், வீட்டில் அனுமதி கேட்கும் வேலை பாதியாகக் குறையும். 2028 ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றத்தை நீக்கிவிட்டுத் தடை ஓட்டத்தைத்தான் சேர்க்கிறார்கள். குதிரை வாங்க முடியாத நமக்கு நல்ல செய்தி.

நோன்பு நாட்களில் இஃப்தாருக்கு வாங்கும் யோகட் கப்புகளை எறிந்துவிடாதீர்கள். பத்து வேண்டும்.