புஷ் போகவில்லையே!

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பல வீடுகளில் ஒரு சம்பாஷணை நடக்கிறது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

"ஏண்டி, இன்னும் படுக்கலையா? விடிஞ்சா ஆபீஸ் இல்லையா உனக்கு?"

"வேலையெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. புஷ்தான் போகமாட்டேங்கிறது!"

அம்மாவுக்கு 'புஷ்' என்றால் என்னவென்று தெரியாது. பெண்ணுக்கோ அது ஏன் போகவில்லை என்று தெரியாது. ஆகவே இந்த வாரம் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உத்தேசம்.

முதலில் அம்மாவுக்கு. உங்கள் பெண் கம்ப்யூட்டரில் எழுதுவது ப்ரோகிராம். அதை ஒருவர் மட்டும் எழுதுவதில்லை. பெங்களூரில் ஒருவர், பூனாவில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர் என்று பலர் கூடி எழுதுகிறார்கள். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ள ஒரு கருவி வேண்டுமல்லவா? அதன் பெயர் கிட். பின்லாந்தில் பிறந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005-ம் ஆண்டு அதை உண்டாக்கினார். 'லினக்ஸ்' எழுதிக்கொண்டிருந்த அவருடைய கூட்டத்தார் அதுவரை உபயோகித்து வந்த கருவியை இலவசமாக உபயோகிக்க முடியாமல் போயிற்று. 'சரி, நாமே செய்து கொள்வோம்' என்று உட்கார்ந்துவிட்டார் மனிதர்!

கிட்டில் இரண்டு காரியங்கள் உண்டு. செய்த மாற்றத்தைத் தன் கம்ப்யூட்டரிலேயே குறித்து வைப்பது 'கமிட்'. குறித்ததை எல்லோருக்கும் பொதுவான தூர இடத்துக்கு அனுப்புவது 'புஷ்'. அந்தத் தூர இடம் கம்பெனியின் சொந்த யந்திரமாக இருக்கலாம். 2008-ல் தொடங்கிய கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியமாகவும் இருக்கலாம். வீட்டுச் செலவை நோட்டில் எழுதுவது கமிட் என்றால், அந்தப் பக்கத்தின் நகலை ஊரிலிருக்கும் அண்ணாவுக்குத் தபாலில் போடுவது புஷ்.

இதிலிருந்து ஒரு பெரிய ஆறுதல் கிடைக்கிறது. தபால் போகவில்லை என்பதற்காக நோட்டில் எழுதினது அழிந்துவிடுமா? அழியாது. கமிட் செய்திருந்தால் உங்கள் பெண்ணின் வேலை அவள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. கனெக்ஷன் கோளாறினால் வேலை நஷ்டமாவதில்லை. கோளாறைக் கண்டு பதறி எதையாவது செய்யும்போதுதான் நஷ்டமாகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

இனி பெண்ணுக்கு.

புஷ் தோற்றுப் போனால் திரையில் நாலைந்து வரிகள் வருகின்றன. கடைசி வரிகளில், 'தூரக் களஞ்சியத்தைப் படிக்க முடியவில்லை. உனக்கு உரிமை இருக்கிறதா, அந்தக் களஞ்சியம் இருக்கிறதா என்று பார்' என்ற பொருளில் ஒரு பொதுவான புலம்பல் இருக்கும். பாதை அடைபட்டிருந்தாலும் அதே புலம்பல்தான். சாவி தவறாயிருந்தாலும் அதேதான். பலர் அதை மட்டும் படித்துவிட்டு, இருக்கிற சாவியைத் தூக்கியெறிந்து புதுச் சாவி செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையான காரணம் அதற்கு மேலே உள்ள வரியில் இருக்கிறது. ஆகையால் மேலிருந்து படியுங்கள்.

அந்த மேல் வரி, நீங்கள் அனுப்பியது எதுவரை போய்த் திரும்பியது என்று சொல்லிவிடும். ஒவ்வோர் இடமாகப் பார்க்கலாம்.

'குட் நாட் ரிஸால்வ் ஹோஸ்ட்' என்று வந்தால், விலாசமே கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். முதலில் வேறு ஏதாவது ஓர் இணையப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் குற்றம் வீட்டு இணைப்பில். திறந்தால், 'கிட் ரிமோட் -வி' என்று கட்டளை கொடுத்து விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஓர் எழுத்துப் பிசகியிருக்கலாம். கம்பெனியின் சொந்த யந்திரமானால் அதற்கான 'வி.பி.என்.' இணைப்பைப் போட மறந்திருக்கலாம்.

'ப்ராக்ஸி' என்ற சொல் செய்தியில் தென்பட்டால், காரியாலயத்தில் போட்டுக் கொடுத்த ஏற்பாடு லாப்டாப்போடு வீட்டுக்கு வந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். ஆபீஸ் வாசலில் மட்டும் இருக்கும் காவற்காரனை வீட்டு வாசலில் தேடினால் அகப்படுவானா? கிட்டின் அமைப்பில் 'எச்டிடிபி.ப்ராக்ஸி' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, வீட்டிலிருக்கும்போது அதை நீக்கிவிடலாம்.

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்', 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' என்று இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று போலத் தோன்றினாலும் இரண்டும் வேறு. கதவைத் தட்டினதும், 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று உள்ளேயிருந்து பதில் வருவது முதலாவது. அந்தச் சேவை அங்கே ஓடவில்லை, அல்லது கதவு எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டீர்கள். எவ்வளவு தட்டியும் பதிலே வராதது இரண்டாவது. பெரும்பாலும் நடுவில் ஒரு தடுப்பு, உங்கள் செய்தியை ஓசைப்படாமல் கீழே போட்டுவிடுகிறது.

கதவு எண் என்றேனே, அதற்கு ஒரு கதை உண்டு. 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் யாரோ கடவுச் சொற்களைத் திருடினார்கள். அங்கிருந்த தாத்து யுலோனென் என்பவர் அதைக் கண்டு, ரகசியமாகப் பேசிக்கொள்ள எஸ்.எஸ்.எச். என்ற முறையை உண்டாக்கினார். அதற்கு ஓர் எண் வேண்டியிருந்தது. 21 ஒரு பழைய முறைக்கு. 23 இன்னொரு பழைய முறைக்கு. நடுவில் 22 காலியாக இருந்தது. அதைக் கேட்டார், மறுநாளே கிடைத்துவிட்டது. இன்றும் எஸ்.எஸ்.எச். மூலம் புஷ் செய்தால் 22-ம் எண் கதவைத்தான் தட்டுகிறீர்கள்.

சங்கடம் என்னவென்றால், பல ஆபீஸ்களிலும் ஹோட்டல்களிலும் இந்த 22-ம் எண்ணை மூடி வைத்திருக்கிறார்கள். இணையப் பக்கங்கள் போய்வரும் 443-ம் எண்ணை மட்டும் திறந்து வைக்கிறார்கள். அதனால்தான் மற்றதெல்லாம் நன்றாக நடக்கும்போது புஷ் மட்டும் நின்றுவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை: உங்கள் மொபைலின் ஹாட்ஸ்பாட்டில் லாப்டாப்பை இணைத்து மறுபடி புஷ் செய்து பாருங்கள். போய்விட்டதா? அப்படியானால் சாவியிலும் குற்றமில்லை, களஞ்சியத்திலும் குற்றமில்லை. நீங்கள் இருக்கும் இடத்தின் இணைப்பில்தான் தடை. விலாசத்தை 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் விலாசமாக மாற்றிக்கொள்ளலாம். கிட்ஹப்காரர்கள் எஸ்.எஸ்.எச்.சுக்கே 443-ல் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் 'எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம்'. ஆனால் காரியாலயத்தில் வேண்டுமென்றே மூடியிருந்தால், குறுக்கு வழி தேடுமுன் அங்கே பொறுப்பானவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

அடுத்தது, கதவு திறந்த பிறகு வரும் சிக்கல். 'பர்மிஷன் டினைட் - பப்ளிக் கீ' என்றால், பாதை சரி, விலாசம் சரி, உங்களை இன்னார் என்று அடையாளம் தெரியவில்லை என்று பொருள். சாவி ஜோடியில் ஒன்று உங்களிடம் ரகசியமாக இருக்கும். அதன் ஜோடியைத்தான் களஞ்சியத்தில் பதிவு செய்ய வேண்டும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம். 'எஸ்எஸ்எச் -டி கிட்@கிட்ஹப்.காம்' என்று கட்டளை கொடுத்துப் பாருங்கள் (டி பெரிய எழுத்தாக இருக்கட்டும்). உங்கள் பெயரைச் சொல்லி வரவேற்றால் சாவி நல்ல சாவிதான். வேறு யார் பெயராவது வந்தால், இரண்டு கணக்குகளைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்!

எச்டிடிபிஎஸ் வழியில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2021 ஆகஸ்டு 13-ம் தேதி முதல் கிட்ஹப், புஷ் செய்வதற்குக் கணக்கின் கடவுச் சொல்லை ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக 'டோக்கன்' என்ற நீண்ட எழுத்துக் கோவையை வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்கும் காலக்கெடு வைப்பதுண்டு. போன மாதம் வரை ஒழுங்காகப் போன புஷ் இன்று திடீரென்று மறுக்கப்பட்டால், டோக்கனின் தவணை முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். 'ரிபாஸிட்டரி நாட் ஃபவுண்ட்' என்று வந்தாலும் திகைக்க வேண்டாம். உரிமை இல்லாதவருக்கு, அப்படி ஒரு தனிக் களஞ்சியம் இருக்கிறது என்றுகூடக் கிட்ஹப் சொல்லாது. ஆகவே எழுத்துப் பிழையைப் பாருங்கள். பிறகு உங்களுக்கு உரிமை கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

இனி நான் சொல்லப் போகும் செய்தி அபூர்வமாக வருவது. ஆனால் அலட்சியம் செய்யக் கூடாதது. 'எதிரிலிருக்கும் யந்திரத்தின் அடையாளம் மாறிவிட்டது' என்று திரை முழுவதும் பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரும். நடுவில் ஒருவன் வேஷம் போட்டு உட்கார்ந்திருந்தாலும் இப்படி வரும். நியாயமான காரணத்தினாலும் வரும். 2023 மார்ச் 24-ம் தேதி நியாயமான காரணத்தினாலேயே பலருக்கு வந்தது. கிட்ஹப்பின் ஆர்.எஸ்.ஏ. சாவிகளில் ரகசியமானது கொஞ்ச நேரம் பொதுக் களஞ்சியம் ஒன்றில் அம்பலமாகிவிட்டது. உடனே அவர்கள் சாவியை மாற்றி, புது அடையாளத்தைத் தங்கள் பக்கத்தில் வெளியிட்டார்கள். செய்ய வேண்டியது இதுதான்: வெளியிட்ட அடையாளத்தோடு திரையில் உள்ளதை ஒத்துப் பாருங்கள். ஒத்திருந்தால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்கலாம். ஒத்துப் பாராமல் 'எஸ்' என்று தட்டுவது, யாரென்று கேட்காமல் கதவைத் திறப்பது போல.

இவையெல்லாம் தாண்டி, 'ரிஜெக்டட்' என்று வந்தால் அது கனெக்ஷன் கோளாறே அல்ல. உங்களுக்கு முன் வேறொருவர் தம் வேலையை அனுப்பிவிட்டார். அதை முதலில் இறக்கி, உங்களுடையதோடு சேர்த்து, பிறகு அனுப்ப வேண்டும். நூறு எம்.பி.க்கு மேற்பட்ட ஃபைல் ஒன்றை உள்ளே வைத்திருந்தாலும் கிட்ஹப் திருப்பி அனுப்பிவிடும். அந்த ஃபைலை இப்போது அழித்தால் மட்டும் போதாது. முந்தைய கமிட்டிலிருந்தும் எடுக்க வேண்டும்.

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன பதற்றத்துக்கு வருகிறேன். நள்ளிரவில் செய்யக் கூடாத காரியங்கள் மூன்று.

ஒன்று, 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இறக்கிக்கொள்கிறேன்' என்று ஃபோல்டரையே அழிப்பது. புஷ் போகாத கமிட்டுகள் அந்த ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கின்றன! அழித்தால் அவையும் போயின.

இரண்டு, மறுக்கப்பட்ட புஷ்ஷை 'ஃபோர்ஸ்' போட்டுத் தள்ளுவது. உங்கள் வேலை போய்ச் சேரும். கூட வேலை செய்கிறவருடைய வேலை பொது இடத்திலிருந்து மறைந்துபோகும். அவரும் இதைப் போலவே கண் விழித்து எழுதினவர்தானே?

மூன்று, சான்றிதழ் சரியில்லை என்ற செய்தி வந்ததும், சான்றிதழைப் பார்க்கவே வேண்டாம் என்று அமைப்பை மாற்றிவிடுவது. முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் சின்னப் பாட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருஷம் பின்னே போய்விடும். அப்போது நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். தேதியைத் திருத்தினால் தீர்ந்தது.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் பலிக்கவில்லையா? களஞ்சியத்தாரின் நிலவரப் பக்கத்தைப் பாருங்கள். சில சமயம் குற்றம் அவர்கள் பக்கம் இருக்கும். நீங்கள் என்ன செய்தாலும் பிரயோஜனமில்லை. காலைக்குள் வேலை கை மாறியே தீரவேண்டும் என்றால் அதற்கும் உபாயம் உண்டு. 'கிட் பண்டில்' என்ற கட்டளை, உங்கள் கமிட்டுகளை வரலாற்றோடு ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுத்துவிடும். பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். ஆபீஸில் அனுமதி உண்டென்றால் சக ஊழியருக்கு வேறு வழியாக அனுப்பலாம். வாங்கினவர் அதிலிருந்தே பிரித்துக்கொள்வார்.

அவசரம் இல்லையென்றால், வந்த செய்தி முழுவதையும் நகலெடுத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆபீஸில் கேட்கும்போது, "புஷ் போகவில்லை" என்று மட்டும் சொல்லாமல் அந்த வரிகளையே காட்டுங்கள். விஷயம் தெரிந்தவருக்கு முதல் வரியைப் பார்த்ததுமே பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

அம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் பெண் புஷ் போகவில்லை என்று தலையில் கையை வைத்துக்கொண்டால், "கமிட் பண்ணிட்டியோ இல்லையோ?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் திகைத்துப் போய் உங்களை நிமிர்ந்து பார்ப்பாள். "பண்ணிட்டேன்" என்று சொன்னால், பாலைக் காய்ச்சிக் கொடுத்து விளக்கை அணைத்துவிடலாம்.